பாதி இறுக்கிய கயிறு: குந்தா மலைச் சாலையில் ஒரு தொடைக் காயம்

பின்னணி

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் நீலகிரியில் குந்தா பக்கத்தில் ரோட்டில் மரம் விழாத வாரம் கிடையாது. மண் ஊறி, கற்பூர மரங்கள் வேரோடு சாயும். துறை ஆட்கள் வந்து அறுக்கும்வரை பஸ்ஸும் தேயிலை ஏற்றிய பிக்கப்பும் காத்துக் கிடக்க முடியாது என்று பக்கத்து ஊர்ப் பையன்களே பவர்சாவை, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தை, எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்படி இறங்கிய ஒருவருக்கு ஏற்பட்ட காயத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அவருக்கு அப்போது 27 வயது. அவரும் அவருடைய அம்மாவும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், எஸ்டேட் எதையும் எழுதவில்லை. நேரங்கள் எல்லாம் அன்று சம்பந்தப்பட்டவர்களின் போன் அழைப்புப் பட்டியலிலிருந்தும், காயம்பட்டவரின் நெற்றியில் நான் எழுதியதிலிருந்தும் எடுத்தவை.

நான் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டன்டாக 22 வருடம் இருந்தவன். லக்னோவில் பயிற்சி எடுத்தேன். 1999 கோடையில், கார்கில் போரின்போது, திராஸ் பக்கம் மலையடிவார உதவி நிலையம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மஞ்சூர் பக்கம் வீடு. ஊரில் என்னை மிலிட்டரி அண்ணன் என்பார்கள். யாருக்காவது பிபி பார்க்க வேண்டும், புண் கட்ட வேண்டும் என்றால் வருவார்கள். போர்க்களத்தில் கற்றதை இந்த மலையில் முழுசாகப் பயன்படுத்த வேண்டி வந்தது அந்த ஒரு நாள்தான்.

சம்பவம்: காலை 10:40

மரம் ரோட்டுக்குக் குறுக்கே, மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து விழுந்திருந்தது. ஒரு பக்கம் பஸ், ஒரு பிக்கப், நாலைந்து பைக்குகள். இளைஞர் அடிமரத்துக்குக் கீழே மாட்டியிருந்த ஒரு கிளையை அறுத்திருக்கிறார். வில்லைப் போல வளைந்து விசை வைத்திருந்த கிளை அது. பாதி அறுந்ததும் அது விடுபட்டு மிஷினைத் தட்ட, ஓடிக்கொண்டிருந்த சங்கிலி இடது தொடையின் உட்பக்கம் இறங்கியது. முழங்காலுக்கு ஆறு விரல் மேலே. உடுத்தியிருந்தது சாதாரண டிராக் பேண்ட்.

கூட இருந்த நண்பர் உடனே வேலையில் இறங்கினார். பிக்கப்பில் சரக்குக் கட்டும் நைலான் கயிற்றை எடுத்துக் காயத்துக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். பஸ் ஓட்டுநர் 10:44-க்கு 108-ஐ அழைத்தார். ஒரு அம்மா காப்பித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். ஒரு பையன் மேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடி வந்தான். சும்மா நின்று வேடிக்கை பார்த்தவர் யாரும் அங்கே இல்லை. இதைப் பதிந்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

10:47: நான் கண்டது

போனதும் முதலில் காதில் விழுந்தது மிஷின் சத்தம். இளைஞரிடமிருந்து இரண்டடி தள்ளி அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடிமரம் சரிவில் எதன்மேலும் உறுதியாக நிற்கவில்லை. அதற்குக் கீழ்ப்பக்கத்தில்தான் அவர் கிடந்தார், சுற்றி எட்டுப் பேர்.

1996-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் போர்க்கள முதலுதவிக்கு ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். அதில் வேலையை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: குண்டு பாய்ந்துகொண்டிருக்கும்போது செய்வது, மறைவான இடத்துக்கு வந்தபின் செய்வது, எடுத்துச் செல்லும்போது செய்வது. முதல் கட்டத்தில் கை காலிலிருந்து கொட்டும் ரத்தத்தை நிறுத்துவதைத் தவிர வேறு எந்தச் சிகிச்சையும் கிடையாது. அதற்கும் முன்னால், உதவுபவர் அடுத்த காயக்காரராக ஆகிவிடக் கூடாது. இங்கே குண்டு இல்லை, உருளக்கூடிய மரம் இருந்தது. மிஷினை அணைக்கச் சொன்னேன். இரண்டு பேர் அக்குளைப் பிடித்து அவரை மேட்டுப் பக்கம் இழுத்தார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் காலைப் பார்த்தேன். தொடையில் கயிறு இருந்தது, ரத்தமும் வந்துகொண்டிருந்தது. பீறிடவில்லை, கரும் சிவப்பாக, நிற்காமல், குழாயைச் சிறிதாகத் திறந்துவிட்டதுபோல ஓடியது. நண்பர், "கட்டினதும் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணா, இப்ப முன்னைக்கும் அதிகமா வருது" என்றார். அவர் சொன்னது சரி. கயிற்றுக்குக் கீழே பாதம்வரை கால் கருநீலமாக இருந்தது. புறங்கால் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டு நின்றன. பாதத்தின் மேல் விரலை வைத்தால் நாடி இன்னும் துடித்தது.

இந்த மூன்று அடையாளங்களையும் திராஸில் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து ராத்திரி முழுக்கத் தூக்கி வரப்பட்ட சிலருக்குத் துப்பாக்கி வாரால் கட்டியிருப்பார்கள். கட்டு இருக்கும், ரத்தம் நின்றிருக்காது. காரணம் எளிது. இதயத்திலிருந்து காலுக்குப் போகும் ரத்தம் அதிக அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வரும் ரத்தத்துக்கு அழுத்தம் குறைவு. பாதி இறுக்கினால் திரும்பும் வழி மட்டும் அடைபடும், போகும் வழி திறந்தே இருக்கும். உள்ளே போய்க்கொண்டே இருக்கும் ரத்தம் திரும்ப வழியில்லாமல் காயத்தின் வழியாக வெளியே வரும். முழுசாக இறுக்கிய காலோ வெளுத்துப் போகும், பாதத்தில் நாடி கிடைக்காது.

மணிக்கட்டில் நாடி மெலிசாக, 130-க்குக் குறையாமல் ஓடியது. உதடு வெளுத்திருந்தது. "தாகமா இருக்கு அண்ணா, தண்ணி குடுங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பெயரைச் சொன்னார், அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு யோசித்தார். எழுபது கிலோ ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் இரண்டு லிட்டர் போனால் உயிருக்கு ஆபத்து. மழைத் தண்ணீரில் கலந்து ஓடிய ரத்தத்தை அளக்க வழியில்லை. நாடியும் பேச்சும்தான் கணக்கு.

முடிவு 1: கயிற்றை அவிழ்க்காமல் அதற்கு மேலே கட்டுவது

சரியில்லாத கட்டைப் பார்த்ததும் அதை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டத்தான் கை போகும். நான் அவிழ்க்கவில்லை. மோசமான கட்டாக இருந்தாலும் புதியது வேலை செய்கிறது என்று தெரியும்வரை அது இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதுவரை ரத்தத்தைக் குறைக்க நண்பரை, இளைஞரின் கவட்டை மடிப்பில், தொடை தொடங்கும் இடத்தில், முழங்காலை ஊன்றி முழு எடையையும் போடச் சொன்னேன். காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் எலும்பின் மேல் ஓடுகிறது. பட்டாளத்தில் பையிலிருந்து கட்டை எடுக்கும் நேரத்துக்குள் இப்படித்தான் ஊன்றுவோம்.

டூர்னிகே என்று ராணுவத்தில் சொல்லும் இறுக்குக்கட்டு என்னிடம் இல்லை. வீட்டுப் பையில் பஞ்சும் காஸ் துணியும் பேண்டேஜும் வைத்திருந்தேன். 22 வருடம் இந்த வேலை செய்தவன் ஒரே ஒரு டூர்னிகே வாங்கி வைத்திருக்கவில்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கழுத்தில் இருந்த ஈரிழைத் துண்டை மூன்று விரல் அகலத்துக்கு மடித்தேன். அகலம் முக்கியம். மெல்லிய கயிறு தோலை அறுக்கும், ஆழத்தில் இருக்கும் குழாயை அமுக்காது. கயிற்றுக்கு மேலே துண்டைச் சுற்றி அரை முடிச்சுப் போட்டேன். அதன் மேல் வைத்துத் திருக ஏதாவது வேண்டும். சீகைக் குச்சி ஒன்றை நீட்டினார்கள், ஊறிப்போயிருந்தது, முதல் திருகிலேயே முறிந்தது. அப்போது நண்பர் தன் பாக்கெட்டிலிருந்து பவர்சாவோடு வரும் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம், இரும்பு. அதை வைத்து மேலே முழு முடிச்சுப் போட்டுத் திருகினேன். 1674-இல் பெசான்சோன் கோட்டை முற்றுகையில் மொரெல் என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர் துணிக்கட்டுக்குள் குச்சியைச் செருகித் திருகினார் என்று படித்திருக்கிறேன். இன்றைக்குச் சிப்பாய் பையில் வைத்திருக்கும் டூர்னிகேயும் அதே குச்சிதான், பிளாஸ்டிக்கில் வருகிறது.

இரண்டாவது சுற்றில் அவர் அலறினார். "அண்ணா விட்டுடுங்க, கால் போயிடும்." முழங்காலை ஊன்றியிருந்த நண்பர் அழ ஆரம்பித்தார். "போதும் அண்ணா, வலிக்குது அவனுக்கு." நான் அந்த நண்பரிடம் பிற்பாடு நிறையப் பேசினேன். முதலில் கயிற்றைக் கட்டியபோதும் இதுதான் நடந்திருக்கிறது. இளைஞர் வலியில் கத்தியதும் இவருக்குக் கை தளர்ந்திருக்கிறது. அவருக்குக் கட்டத் தெரியாமல் இல்லை, பாசம்தான் பாதியில் நிறுத்தியது. போர்க்களத்திலும் பக்கத்துச் சிப்பாய் பாதியில் நிறுத்துவது இந்த இடத்தில்தான். சரியாக இறுக்கிய டூர்னிகே வலிக்கும், கடுமையாக வலிக்கும். இதை முன்னாலேயே சொல்லிக்கொடுக்காவிட்டால், வலியைத் தவறு நடப்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது சுற்றில் ரத்தம் குறைந்தது. நாலாவதில் நின்றது. பாதத்தில் விரலை வைத்தேன், நாடி லேசாக இருந்தது. இன்னும் அரைச் சுற்று. நாடி போனது. ஸ்பேனரின் ஒரு முனையை ஷூ லேசால் தொடையோடு கட்டினேன். அப்புறம்தான் நைலான் கயிற்றை அறுத்தேன். தோலில் சிவந்த மூன்று கோடுகள். கருநீலக் கால் கண் முன்னாலேயே வெளுத்தது.

மணி 10:51. நேரத்தை எழுத வேண்டும். பால் பாயிண்ட் பேனா ஈரத் தோலில் எழுதவில்லை. பிக்கப்காரர் தேயிலைச் சாக்கில் எடை எழுதும் மார்க்கரை நீட்டினார். நெற்றியைத் துடைத்துவிட்டு "டி 10:51" என்று பெரிதாக எழுதினேன். டி என்றால் டூர்னிகே. சுற்றி நின்றவர்களுக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனால் அடுத்து வந்த ஒவ்வொருவரும் முதலில் பார்த்தது அந்த நெற்றியைத்தான்.

மற்ற சோதனைகள்

போர்க்கள வரிசையை "மார்ச்" என்று ஐந்து ஆங்கில எழுத்துகளில் மனப்பாடம் செய்வோம்: பெரும் ரத்தப்போக்கு, மூச்சுவழி, சுவாசம், ரத்த ஓட்டம், குளிர். சாதாரண முதலுதவி வகுப்பில் மூச்சுவழி முதலில் வரும். போரில் ரத்தப்போக்கை முன்னால் கொண்டுவந்ததற்குக் காரணம் எண்ணிக்கைதான். 2001 முதல் 2011 வரை ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் விவரத்தை ஆராய்ந்தபோது, காப்பாற்றியிருக்கக்கூடியவர்கள் என்று கணித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ரத்தம் போய்த்தான் இறந்திருந்தார்கள்.

இளைஞர் பேசிக்கொண்டிருந்ததால் மூச்சுவழியில் தடை இல்லை. நெஞ்சு இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. பின்தலை, முதுகு, அக்குள் எல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். தோளில் ஒரு சிராய்ப்பு மட்டும். காயத்துக்குள் காஸ் துணியைத் திணித்து மேலே இறுக்கிக் கட்டினேன். காப்பித்தூள் கொண்டுவந்த அம்மாவிடம், "இது ஆழமான வெட்டும்மா, டாக்டர் கழுவி எடுக்கணும், தூள் வேண்டாம். ஒரு கம்பளி கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் நாலு கம்பளி கொண்டுவந்தார். தண்ணீர் கொடுக்கவில்லை. உடனே மயக்கம் கொடுத்து அறுவை செய்ய வேண்டி வரும், வயிறு காலியாக இருப்பது நல்லது என்று உதட்டை மட்டும் நனைத்தோம்.

முடிவு 2: குளிரையும் காயமாகவே எடுத்துக்கொள்வது

சுமார் 2,000 மீட்டர் உயரம், மழை, காற்று. அவர் நனைந்து தார் ரோட்டில் கிடந்தார். ரத்தம் போன உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளாது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது மந்தமாகும், உறையாத ரத்தம் இன்னும் ஒழுகும், அதனால் உடம்பு இன்னும் குளிரும். போர் அறுவை மருத்துவர்கள் மிகவும் பயப்படும் சுழல் இது. பாலைவன வெயிலில் காயம்பட்டவர்களுக்கும் கம்பளி போர்த்துவார்கள் என்றால் இங்கே சொல்லவே வேண்டாம்.

நான் போவதற்குள் அவர்மேல் இரண்டு ஸ்வெட்டர் போர்த்தியிருந்தார்கள். அடியில் ஒன்றும் இல்லை. ஈரத் தரைதான் அதிகமாகச் சூட்டை இழுக்கும். சட்டையையும் பேண்டையும் கத்தரித்து எடுத்தோம். காலித் தேயிலைச் சாக்குகளை அடியில் நாலு மடிப்பாகப் போட்டு, அதன் மேல் ஒரு கம்பளி, அவர், மேலே இரண்டு கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே பிக்கப்பின் தார்ப்பாய். தலையில் ஒருவருடைய மங்கி குல்லா. தொடைக் கட்டை மட்டும் மூடவில்லை, கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. இதை 10:47-இலேயே வேறு இரண்டு பேரிடம் ஒப்படைத்திருக்கலாம். நான் கட்டை முடித்த பிறகு, 10:56-க்குத்தான் தொடங்கினேன்.

தளர்த்தச் சொன்ன பெரியவர்

11 மணிக்கு மேல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "சார், பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டைத் தளர்த்தணும்னு சாரணர் வகுப்பிலே சொல்லிக்கொடுத்தாங்களே." அவர் சொன்னது கற்பனை இல்லை. பழைய முதலுதவிப் புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது, நானும் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்தவன். ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் காயத்தில் உறைந்தது கலையும், இன்னும் கொஞ்சம் ரத்தம் போகும். கால் பிழைக்கட்டும் என்று தளர்த்தித் தளர்த்தி ஆளை இழந்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம்வரை டூர்னிகே இருப்பதால் கால் போவது அரிது. 2006-இல் பாக்தாத் ராணுவ மருத்துவமனை ஒன்றில் டூர்னிகேயோடு வந்த 232 பேரைக் கவனித்தார்கள். ரத்தம் வடிந்து நாடி தளர்வதற்கு முன் கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் பிழைத்தார்கள். தளர்ந்த பிறகு கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேர்தான். டூர்னிகேயால் மட்டும் ஒரு காலும் கையும் போகவில்லை.

இவ்வளவையும் அங்கே சொல்லவில்லை. "ஐயா, இப்ப அந்த முறையை மாத்திட்டாங்க. டாக்டர் கைக்குப் போற வரைக்கும் தொடக்கூடாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மற்றவர்கள் யாரும் தொடாதபடி அங்கேயே நின்றுகொண்டார்.

11:16: மரத்தைத் தாண்டி

108 வண்டி 11:12-க்கு வந்தது, மரத்துக்கு அந்தப் பக்கம். ஸ்ட்ரெச்சர் இந்தப் பக்கம் வர வழியில்லை. அடிமரம் நெஞ்சு உயரம், கிளைகள் இரு பக்கமும். அறுத்து வழி செய்ய இருபது நிமிஷமாவது ஆகும், அதுவும் அந்த மிஷினை யார் கையில் கொடுப்பது? கம்பளியிலேயே தூக்குவது என்று முடிவானது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக் கம்பளிகளைத்தான் எடுத்து வந்து கொடுத்தார்கள். இந்த மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸ்ட்ரெச்சர் அது.

கம்பளி விளிம்புகளை உள்பக்கமாகச் சுருட்டி ஆறு பேர் பிடித்தார்கள். அந்தப் பக்கம் ஆறு பேர் கை நீட்டி நின்றார்கள். மரத்தின் மேல் கைமாறும்போது ஒருவருடைய முழங்கை ஸ்பேனரில் இடித்தது. ஷூ லேஸ் நழுவி, ஸ்பேனர் ஒன்றரைச் சுற்று திரும்பிவிட்டது. கம்பளியில் சூடாக ஏதோ பரவுகிறது என்று கீழே பிடித்திருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கேயே, மரத்தின் மேல் அவரைக் கிடத்திவிட்டு, மறுபடி திருகி, இந்த முறை இரண்டு முனையையும் பேண்டேஜால் தொடையைச் சுற்றிக் கட்டினேன். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. ஆனால் போன ரத்தம் போனதுதான். குற்றம் இடித்தவர்மேல் இல்லை. ஒரு முனையை மட்டும் கட்டிவிட்டு விட்டது நான்.

வண்டியில் இருந்த டெக்னீஷியன் நெற்றியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், "தளர்த்தலைல்ல?" என்று மட்டும் கேட்டார். ஊசி வழி போட்டு, ஆக்சிஜன் வைத்தார். சலைனை மளமளவென்று ஏற்றாமல், மணிக்கட்டு நாடி தொட்டால் தெரிகிற அளவுக்கு மட்டும் கொடுத்தார். நிறைய ஏற்றினால் இருக்கிற ரத்தமும் நீர்த்துப்போகும், குளிரும் ஏறும். அவர் செய்தது ரொம்பச் சரி. வண்டி 11:24-க்குக் கிளம்பி, மூடுபனியில் 12:22-க்கு ஊட்டி போய்ச் சேர்ந்தது. வழியில் இளைஞரின் அம்மா பேசிக்கொண்டே வந்தார். நான் அவரைப் பேச்சுக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். மகன் பதில் சொல்வது குறைந்தால் டெக்னீஷியனுக்குத் தெரிய வேண்டும்.

மருத்துவமனையிலும் அதற்குப் பிறகும்

போனதும் டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்தார்கள். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து. 2010-இல் 20,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் அதன் பலன் தெரிந்தது. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இங்கே ஒன்றே முக்கால் மணியில் கிடைத்தது. அறுவை அரங்கில் 12:40-க்குக் கட்டை எடுத்தார்கள். மொத்தம் 109 நிமிஷம்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனி தப்பியிருந்தது. அதன் கிளை ஒன்றும், பக்கத்தில் ஓடும், ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் பெரிய சிரையும் அறுந்திருந்தன. இரண்டையும் கட்டினார்கள். 3 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். சிறுநீரகத்துக்குப் பாதிப்பு இல்லை. 11-ஆம் நாள் வீட்டுக்கு வந்தார்.

கால் இருக்கிறது. நாலு மாதத்தில் வேலைக்குப் போனார். சிரையைக் கட்டியதால் சாயங்காலம் கணுக்கால் வீங்கும், இறுக்கமான காலுறை போடுகிறார். முழங்காலுக்குக் கீழே உட்பக்கம் ஒரு பட்டை அளவுக்கு மரத்துப் போயிருக்கிறது. அந்தக் குழாய்களோடு சேர்ந்து ஓடும் உணர்வு நரம்பைச் சங்கிலி வெட்டியிருக்கிறது, அது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அட்டை கடித்தால் அந்த இடத்தில் தெரிவதில்லை என்று ஒருமுறை சொன்னார். தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது செய்தால் எதை மாற்றுவேன்

முதலில் டூர்னிகே. இப்போது என் பையில் இரண்டு, பிக்கப்காரரின் டேஷ்போர்டில் ஒன்று, பவர்சா வைத்திருக்கும் பையன்களிடம் ஆளுக்கு ஒன்று. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் மலிவாக வரும் போலிகளில் திருகும் குச்சி வளையும், முறியும். அந்தச் சீகைக் குச்சிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வந்த ஒன்றைத் திருகிப் பார்த்தேன், நாலாவது சுற்றில் விட்டுவிட்டது, திருப்பி அனுப்பினேன். எஸ்டேட் ஒன்றின் முதலுதவிப் பெட்டி அன்று முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி லீவில் போனவரிடம் இருந்தது. அதற்குள் டூர்னிகே இருந்ததா என்பது வேறு விஷயம், பூட்டு எதற்கு?

இரண்டாவது, காலுக்கு உறை. பவர்சாவால் காலில் படும் காயம் பெரும்பாலும் இடது காலில்தான். உள்ளே நீள நார்கள் வைத்துத் தைத்த கால்சட்டை கிடைக்கிறது. சங்கிலி பட்டதும் நார்கள் வெளியே வந்து பல்சக்கரத்தில் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். அன்று அது இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பவத்துக்குப் பிறகு ரேஷன் கடை முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம், கவாத்துக் கத்தி பட்டு உள்ளங்கை கிழிந்த ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயசுப் பையன் ஒருவன் கையில் டூர்னிகே போட்டுவிட்டான். நன்றாக, முழுசாக இறுக்கியிருந்தான். ஆனால் அந்தக் காயத்துக்குத் துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்தினால் போதும். அந்தப் பெண் வலியில் துடித்தார். நான் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டை எடுத்தேன். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. உக்ரைன் போரில் தேவையில்லாமல் போட்ட டூர்னிகே, ஆளை வெளியே கொண்டுவரப் பல மணி நேரம் ஆனதால், கை கால்களை இழக்க வைத்ததை அங்கே வேலை செய்யும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ரோடு அடைபட்ட நாளில் நம் மலையும் அப்படித்தான். இறுக்கத்தைப் பற்றியே பேசி, எப்போது வேண்டாம் என்பதை நான் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். இப்போது வகுப்பு அழுத்துவதில் தொடங்குகிறது. இரண்டு கையையும் வைத்து, முழங்கையை மடக்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். அழுத்தியும் நிற்காத, கொட்டுகிற, கை கால் ரத்தத்துக்கு மட்டும் டூர்னிகே. கவட்டை, அக்குள், கழுத்து என்றால் அதைக் கட்ட இடமில்லை, துணியைத் திணித்து அழுத்த வேண்டும்.

வகுப்பில் இறுக்கும் பயிற்சிக்குத் தொடையைக் கொடுப்பவர் அந்த இளைஞர்தான், வலது தொடை. பாதத்தில் நாடி போகும்வரை திருகச் சொல்வார். பாதி வழியில் யாராவது அவர் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினால், "முகத்தைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க" என்பார். நாடி போனதும் பத்து வரை எண்ணிவிட்டு அவிழ்த்துவிடுவோம். முதலில் கயிறு கட்டிய நண்பர் மார்க்கரோடு பக்கத்தில் நிற்பார், நெற்றியில் நேரம் எழுத.